அப்பா வெட்டின கிணறும் நான் எறங்கின குழியும்

எங்க அப்பா கிணறு வெட்டுறவரு. குலசேகரம், திருவட்டாறு, அருமனை பக்கம் பஸ்ல போனா இப்பவும் ஜன்னல் வழியா கை நீட்டி "அந்தா தெரியுதுல்லா, அது நாங்க வெட்டுனது, நாப்பது அடி, முப்பத்தஞ்சுல பாறை கண்டுது"ன்னு சொல்லிட்டே வருவாவ. போர்வெல் வந்தபிறகு அந்த வேலை ரொம்ப கொறஞ்சுபோச்சு, இப்ப கிணறு தூர் எடுக்கவும் உறை எறக்கவும் மட்டும் யாராவது கூப்பிடுவாங்க, முட்டு வலி இருந்தாலும் போயிருவாவ. நான் ஜியாலஜி படிச்சவ. பூகம்பம் எப்ப எங்க வந்துதுன்னு மண்ண பாத்து கண்டுபிடிக்குற வேலை ஒண்ணு உண்டு, அதத்தான் நான் அஞ்சாறு வருஷமா விடாம படிச்சிட்டு வாறேன். அந்த வேலைய புரிஞ்சுக்க எனக்கு ரொம்ப உதவுனது புத்தகம் இல்ல, அப்பா கிணத்துக்குள்ள நின்னு பேசின பேச்சுதான். அத எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டு இருந்தேன்.

சின்ன பிள்ளையா இருக்கும்போது லீவு நாள்ல அப்பாவுக்கு சோறு கொண்டுபோவேன். மேல நின்னு எட்டிப் பாத்தா கிணத்துச் சுவரு வரிவரியா இருக்கும். மேல கறுத்த மண்ணு, அதுக்கு கீழ செம்மண்ணு, அப்புறம் ஓட்டை ஓட்டையா வெட்டுக்கல்லு, அதுக்கும் கீழ வெள்ளையும் மஞ்சளுமா களிமண்ணு, பிறகு கையால நசுக்குனா பொடியாவுற அழுகுன பாறை, கடைசியா உளி தெறிக்குற கெட்டிப் பாறை. அப்பாவுக்கு மண்ணு ரெண்டே வகைதான். ஒண்ணு கன்னி மண்ணு, அதாவது ஆரும் தொடாத மண்ணு. இன்னொண்ணு நெரப்பு மண்ணு, எங்கிருந்தோ வந்து விழுந்து நெறஞ்சது. ஒரு தடவ ஒரு வீட்டுல நாலு அடி தோண்டிட்டு "இது நெரப்பாக்கும், இங்க முன்ன ஒரு குழி இருந்திருக்கு, இதுல எறங்குனா இடியும்"னு சொல்லி வேலைய நிறுத்திட்டாவ. வீட்டுக்காரரு "எங்க பாட்டா காலத்துல இருந்து இது வெறும் தென்னந்தோப்புதான்"னு சண்டைக்கு வந்துட்டாரு. கடைசியில உள்ள இருந்து அவரோட அம்மை, எம்பது வயசு தாண்டினவங்க, மெதுவா நடந்து வந்து சொன்னாங்க, அந்த எடத்துல ஒரு கிணறு இருந்துதாம், அவங்க கல்யாணம் கழிஞ்சு வர்றதுக்கு முன்னயே மூடிட்டாங்களாம், மாமியார் சொல்லிக் கேட்டதாம். அந்த வீட்டுல அத ஞாபகம் வச்சிருந்தது அந்த ஒரு ஆள்தான். அவங்களும் இல்லேன்னா மண்ணு மட்டும்தான் மிச்சம்.

இத ஏன் சொல்றேன்னா, நான் படிக்குற விஷயமும் இதேதான்.

பூமிக்குள்ள பாறை ஒடஞ்சு, ஒடஞ்ச எடத்துல ஒரு பக்கம் இன்னொரு பக்கத்த ஒரசிட்டு நகர்ந்திருந்தா அதுக்கு பேரு ஃபால்ட், தமிழ்ல பிளவுன்னு பாடப்புத்தகத்துல போட்டிருப்பாங்க. வெறும் விரிசல் ஃபால்ட் ஆகாது, நகர்ந்திருக்கணும். அந்த நகர்வும் தினமும் கொஞ்சம் கொஞ்சமா நடக்காது, பெரும்பாலும் ரெண்டு பக்கமும் கவ்விப் பிடிச்சிட்டு வளைஞ்சிட்டே இருக்கும், நூறு வருஷமோ ஆயிரம் வருஷமோ கழிச்சு பிடி விட்டுப்போற அந்த சில நொடியில சேத்துவச்ச அத்தனையும் ஒரே சாட்டமா சாடும், அதுதான் பூகம்பம். 1906ல சான் பிரான்சிஸ்கோவுல பூகம்பம் வந்தப்போ நேரா போட்டிருந்த வேலி எல்லாம் ஒடஞ்சு சில மீட்டர் தள்ளிப்போய் நின்னுது, அத அளந்து பாத்துதான் ரீட்னு ஒரு அறிவியலாளர் இந்தக் கணக்க சொன்னாரு. ஒரு ஃபால்ட் இப்பவும் உயிரோட இருக்கா செத்துப்போச்சான்னு சொல்ல, அது கடைசியா எப்ப நகர்ந்துதுன்னு தெரியணும். கடந்த பத்துப் பதினோராயிரம் வருஷத்துக்குள்ள நகர்ந்திருந்தா உயிருள்ளதுன்னு ஒரு பொதுவான கணக்கு உண்டு. நம்ம ஊரு மாதிரி ரொம்ப மெதுவா அசையுற எடத்துக்கு அந்தக் கணக்கு பத்தாதுங்கிறது என்னோட எண்ணம், அதுக்கு பிறகு வாறேன்.

ஊருல எல்லாரும் என்கிட்ட கேக்குற கேள்வி ஒண்ணுதான். "மக்ளே, நம்ம குமரி மாவட்டத்துல பூமி குலுங்குமா?" கூடவே வாட்ஸ்அப்ல வந்த ஒரு படம் இருக்கும், அச்சன்கோவில் பிளவு கேரளாவையும் தமிழ்நாட்டையும் ரெண்டா பிளக்கப்போகுதுன்னு செவப்பு கோடு போட்டு. அச்சன்கோவில் ஷியர் ஜோன், அதாவது பாறை ஒரசி இழுபட்ட ஒரு நீளப் பட்டை, உள்ளதுதான், நமக்கு வடக்க பத்தனம்திட்டா பக்கம் இருந்து தென்கிழக்கா செங்கோட்டை, தென்காசி பக்கமா மலையக் குறுக்க வெட்டிட்டு வருது. ஆனா அது உண்டானது ஏறக்குறைய 55 கோடி வருஷத்துக்கு முன்னால, அப்போ நம்ம மண்ணும் இலங்கையும் மடகாஸ்கரும் அண்டார்டிகாவும் ஒண்ணா ஒட்டிக்கெடந்துது, நாம இப்ப காணுற இந்தப் பாறையெல்லாம் இருபது கிலோமீட்டருக்கும் கீழ சூட்டுல கெடந்து பிசைஞ்ச மாவு மாதிரி இழுபட்டுது. அந்த இழுவைதான் இன்னைக்கு மேல தெரியுது. நாகர்கோவில் சுத்தி இருக்க சார்னகைட் பாறையும், மார்த்தாண்டம் பக்கம் குவாரி வெட்டுன மொகத்துல செவப்பு புள்ளி புள்ளியா கார்னெட் தெரியுற பாறையும் எல்லாம் அந்தக் காலத்து சூட்டுல வெந்ததுதான், அந்த கார்னெட்டும் இல்மனைட்டும் கழுவி வந்துதான் மணவாளக்குறிச்சி கடப்புறத்துல செவப்பும் கறுப்புமா மணலா கெடக்கு. அதனால அந்த செவப்பு கோட்ட காட்டி ஆட்கள பயமுறுத்துறது தப்பு, எனக்கு அதுல கோபமே வரும்.

அதுக்காக "நம்ம ஊருல ஒண்ணும் வராது"ன்னு சொல்லவும் என்னால முடியாது. இந்தியா மொத்தமா வருஷத்துக்கு அஞ்சு சென்டிமீட்டர் கணக்குல வடக்க போய் ஆசியாவ முட்டிட்டு இருக்கு, அந்த முட்டு இமயமலையோட நிக்காது, பின்னால குமரி வரைக்கும் பாறைய நெருக்கிட்டுதான் இருக்கு, பழைய காயம் எங்கயாவது அந்த நெருக்கத்துக்கு தோதான வாக்குல கெடந்தா அது மறுபடி அசையலாம். 1900 பிப்ரவரி 8ஆம் தேதி கோயம்புத்தூர்ல 6 அளவுக்கு பூகம்பம் வந்துது. 1994 டிசம்பர்ல திருச்சூர் பக்கம் வடக்காஞ்சேரியில, 2000 டிசம்பர்ல கோட்டயம் ஈராட்டுப்பேட்டையில. வடக்காஞ்சேரிக்கு பிறகு சி.பி. ராஜேந்திரன், குசலா ராஜேந்திரன் மாதிரி ஆய்வாளர்கள் பாரதப்புழை பக்கம் தேசமங்கலத்துல ஒரு ஃபால்ட்ட தேடிப்பிடிச்சு, ஒரசல்ல மாவா அரஞ்சுபோன பாறைப்பொடிய எடுத்து அது எப்ப எப்ப அசைஞ்சுதுன்னு காலக்கணக்கு போட்டாங்க. இந்த மாதிரி வேலைக்கு தென்னிந்தியாவுல ஆளும் பணமும் ரொம்ப கம்மி.

கில்லாரிய நெனச்சா எனக்கு இப்பவும் மனசு ஒரு மாதிரி ஆகும். மகாராஷ்டிராவுல லாத்தூர் மாவட்டம், 1993 செப்டம்பர் 30, விடியக்காலம் நாலு மணிக்கு கொஞ்சம் முன்ன. பிள்ளையார கரைச்சிட்டு வந்து எல்லாரும் அசந்து தூங்குற நேரம். அளவு என்னமோ 6.2தான், ஆனா ஏறக்குறைய பத்தாயிரம் பேரு செத்துப்போனாங்க, கனமான கருங்கல்ல வெறும் சேறு வச்சு அடுக்கிக் கெட்டின வீடு அத்தனையும் ஆளுக மேல சரிஞ்சுது. இந்தியாவுலயே அசையாத எடம்னு நெனச்சிருந்த தக்காணம் அது. அங்க ஒரு வருஷத்துக்கு முன்ன இருந்தே சின்னச் சின்ன குலுக்கம் இருந்துது, ஆளுக பயந்து வெளிய படுத்தாங்க, பிறகு பழகிப்போச்சு. ஆனா அங்க இதுக்கு முன்ன பெரிய பூகம்பம் வந்ததா ஆருக்கும் ஞாபகம் இல்ல. அந்தத் தென்னந்தோப்பு வீட்டுக்காரரு சொன்ன மாதிரிதான். இந்த மாதிரி ஃபால்ட் ஒரு தடவ சாடிட்டு அடுத்த தடவைக்கு பல்லாயிரம் வருஷம் படுத்துக் கெடக்கலாம், அதனாலதான் பதினோராயிரம் வருஷக் கணக்க நம்பி "செத்துப்போச்சு"ன்னு எழுத எனக்கு கை வராது.

எம்.எஸ்சி முடிச்ச வருஷம் கட்ச் போனேன், குஜராத். பூஜ் பக்கத்துல ஒரு பயிற்சி முகாம். நான் பிறந்து வளந்தது ரப்பர் தோட்டத்துக்கு நடுவுல, அங்க கண்ணுக்கெட்டுற தூரம் மரமே இல்ல, வெயில்னா அப்படி ஒரு வெயில். 1819 ஜூன் 16ஆம் தேதி அங்க வந்த பூகம்பத்துல சமநிலமா கெடந்த உப்புப் பாலையில எம்பது தொண்ணூறு கிலோமீட்டர் நீளத்துக்கு நெலம் மேடா எழும்பி, சிந்து நதியோட ஒரு கிளைய அடைச்சிட்டுது. மனுசன் கெட்டுன அணை இல்ல, கடவுள் கெட்டுனதுன்னு ஊருக்காரங்க அதுக்கு அல்லா பந்த்னு பேரு வச்சாங்க. அதே கட்ச்ல 2001 ஜனவரி 26, குடியரசு தின காலையில வந்த 7.7 பூகம்பத்துக்கு ஃபால்ட் மேல வரைக்கும் கிழிக்கவே இல்ல, அடியிலயே நின்னுட்டுது. தோண்டிப் பாத்தா எல்லாம் தெரிஞ்சிரும்னு நம்பி வந்த எனக்கு முதல் நாளே அந்தப் பாடம்.

ஃபால்ட் மேல குறுக்கால நீளமா ஒரு குழி வெட்டுவாங்க, ரெண்டு ஆள் ஆழம், சில எடத்துல அதுக்கும் மேல. பிறகு அந்தச் சுவர கரண்டியால சுரண்டிச் சுரண்டி சுத்தம் பண்ணணும், ஒரு மீட்டருக்கு ஒரு ஆணி அடிச்சு நூல் கட்டி கட்டம் போடணும், ஒவ்வொரு கட்டமா எந்த மண்ணு எங்க முடியுது எங்க முறியுதுன்னு பேப்பர்ல வரையணும். பாக்குறதுக்கு எளுப்பம் மாதிரி இருக்கும். ஒரு அடி சுவர வரைய எனக்கு ஒரு பகல் போயிருக்கு. ஃபால்ட் ஒரு தடவ சாடினா ஒரு பக்கம் எழும்பி ஒரு சின்ன படி உண்டாகும், அந்தப் படியோட விளிம்பு மழையில கரைஞ்சு கீழ்ப்பக்கம் ஆப்பு மாதிரி ஒரு முக்கோணமா விழுந்து கெடக்கும், அதுக்கு மேல புது மண்ணு சமமா வந்து படியும். ஃபால்ட் அறுத்த கடைசி அடுக்குக்கும், அறுபடாத முதல் அடுக்குக்கும் நடுவுலதான் அந்தப் பூகம்பம் இருக்கு.

முகாம்ல ஒரு நாள் சாயங்காலம் நான் வரைஞ்சிட்டு இருந்த சுவர ஃபோட்டோ எடுத்து அப்பாவுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினேன், சும்மா, நான் இங்க என்ன பண்றேன்னு காட்டத்தான். ஒடனே போன் வந்துது. முதல் கேள்வி, "பலகை குடுத்திருக்காவளா? ரெண்டு பக்கமும் முட்டு குடுத்திருக்கா? முட்டு இல்லாம எறங்காத மக்கா." அப்பா ஒரு தடவ இடுப்பு வரைக்கும் மண்ணுல மூடி ஒண்ணரை மணி நேரம் நின்னவரு, அந்த பயம் அவருக்கு எந்தக் குழிய பாத்தாலும் வரும். முட்டு இருக்குன்னு சொன்னபிறகு கொஞ்ச நேரம் பேச்சே இல்ல, ஃபோட்டோவ பெருசாக்கி பாத்திட்டு இருந்திருக்காவ. பிறகு சொன்னாவ, "நடுவுல கீழ ஒரு மூலையா தெரியுதுல்லா, அது நெரப்பு மண்ணாக்கும். மேல இருந்து சாடி விழுந்தது. அதுக்கு மேல உள்ளது பிறகு பைய வந்து படிஞ்சது. எடதுபக்கம் எழும்பியிருக்கு, என்ன?" நான் ரெண்டு நாள் சார்கிட்ட கேட்டு கேட்டு புரிஞ்சுகிட்டத அப்பா போன்லயே சொல்லிட்டாவ. எனக்கு அழுகை வந்துட்டு. கூடாரத்துக்கு வெளிய இருட்டுல நின்னு கொஞ்ச நேரம் அழுதேன்.

காலம் கண்டுபிடிக்குறது மட்டும் அப்பாவுக்கு தெரியாத விஷயம், அவரு அத திரும்பத் திரும்ப கேப்பாவ. மண்ணுக்குள்ள மாட்டின கரித்துண்டு கெடச்சா அதுல கார்பன்-14 எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பாக்கலாம், அது 5,730 வருஷத்துக்கு ஒருக்க பாதியாகும், ஒரு அம்பதாயிரம் வருஷம் வரைக்கும் எட்டும். கரி இல்லாத வெறும் மணல்னா வேற வழி. மணல்ல இருக்க குவார்ட்ஸ்ங்கிற கனிமம் வெயில்ல கெடக்கும்போது சுத்தமா இருக்கும், மண்ணுக்கு அடியில மூடிட்டா சுத்தி இருக்க கதிர்வீச்ச கொஞ்சம் கொஞ்சமா சேத்து வச்சுக்கும். அதனால வெளிச்சம் படாம இரும்புக் குழாய சுவருல அடிச்சு ஏத்தி மூடி எடுத்து, இருட்டு ரூம்ல மங்கல் செவப்பு லைட்ல திறந்து, எவ்வளவு சேத்திருக்குன்னு பாத்தா எத்தன வருஷமா வெயில் காணாம கெடந்துதுன்னு சொல்லலாம். அப்பா இத கேட்டுட்டு "அப்ப நான் தோண்டி வெளிய போட்டதெல்லாம் முதல்ல இருந்து எண்ண ஆரம்பிச்சிருக்கும்"னாவ. ஆமாப்பா, அதேதான்.

இனி 2004. அத எழுதாம குமரி மாவட்டத்துல இருந்து பூகம்பம் பத்தி ஒரு வரி கூட எழுத முடியாது. டிசம்பர் 26, கிறிஸ்துமஸ் மறுநாள், ஞாயிறு. நம்ம நேரம் காலையில ஆறரைக்கு ஒரு நிமிஷம் முன்ன சுமத்ராவுக்கு மேக்க கடலுக்கு அடியில ஃபால்ட் பிடி விட்டுது, அளவு 9.1. அங்க தொடங்கின கிழிசல் அந்தமான் வரைக்கும் சுமார் 1300 கிலோமீட்டர் போச்சு, கன்னியாகுமரியில இருந்து சென்னை போயிட்டு திரும்பி வர்ற தூரம் கிட்டத்தட்ட. கடல் தரை சில மீட்டர் மேல எழும்பி மேல கெடந்த தண்ணி மொத்தத்தையும் தள்ளிவிட்டுது, ஆழ்கடல்ல மணிக்கு எழுநூறு எண்ணூறு கிலோமீட்டர் வேகத்துல வந்த அந்தத் தண்ணி இலங்கைய சுத்தி வளைஞ்சு நம்ம மேக்குக் கரையிலயும் ஏறிட்டு. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி. கொட்டில்பாட்டுல ஓடினவங்க ஏ.வி.எம். கால்வாயில விழுந்தாங்க, மணக்குடி பாலம் ஒடஞ்சு கெடந்துது. மாவட்டத்துல 800 பேரு பக்கம் போனாங்க. ரெண்டாயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு ஃபால்ட். இங்க ஒருத்தருக்கும் அது இருக்குறதே தெரியாது, இங்க நெலம் குலுங்கினதா எங்க வீட்டுல ஆரும் உணரவும் இல்ல. எனக்கு அப்ப பதினோரு வயசு. குளச்சல்ல எங்க பெரியம்மா வீடு. பெரியம்மா தப்பிச்சாவ, பெரியப்பா இல்ல.

அதுக்கு பிறகு ஒரு மாசத்துக்கு மேல அப்பாவுக்கு கடப்புறத்துலதான் வேலை. கிணறு எல்லாம் உப்புத் தண்ணி கேறிக் கெடந்துது, இறைச்சு வெளிய விட்டு, அடியில கெடக்குறத வாரி, மறுபடி ஊற விட்டு, மறுபடி இறைக்கணும். பல கிணத்துக்கு கூலி வாங்கல. அந்த வேலைய பத்தி அவரு எங்ககிட்ட பேசினதே இல்ல, கிணத்துல என்னெல்லாம் கெடந்துதுன்னு அம்மை கேட்டா எழும்பி வெளிய போயிருவாவ.

பல வருஷம் கழிச்சு தாய்லாந்துல பிரா தோங்னு ஒரு தீவ பத்தி படிச்சேன். 2008ல வெளிவந்த ஆய்வு. அங்க கடலுக்கு கொஞ்சம் உள்ள தள்ளி பள்ளமான சதுப்புல குழி வெட்டிப் பாத்தா, மேல 2004 சுனாமி கொண்டுபோட்ட வெள்ளை மணல், அதுக்கு கீழ கறுத்த சேறு, அதுக்கு கீழ மறுபடி அதே மாதிரி வெள்ளை மணல், மறுபடி சேறு, மறுபடி மணல். 2004க்கு முந்தின மணல் வந்து 550லிருந்து 700 வருஷத்துக்குள்ள ஆகுதுன்னு காலக்கணக்கு. சுமத்ராவுல ஆச்சே கரையிலயும் அதே காலத்து மணல் கெடச்சுது. நம்ம காவிரிப்பூம்பட்டினத்துலயும் சோழர் காலத்துல ஒரு கடல் ஏற்றம் வந்ததுக்கு அடையாளம் மண்ணுல இருக்குன்னு ராஜேந்திரன் குழு எழுதியிருக்காங்க. அதாவது இது முன்னயும் வந்திருக்கு, வந்தத மண்ணு எழுதி வச்சிருக்கு, ஆனா அத தோண்டி வாசிச்சது எல்லாரும் செத்தபிறகு. கலிபோர்னியாவுல பாலெட் கிரீக்னு ஒரு எடத்துல கெர்ரி சீன்னு ஒரு ஆய்வாளர் 1970கள்ல இதே மாதிரி சதுப்பு மண்ண வெட்டி, சான் ஆண்ட்ரியாஸ் ஃபால்ட் பல தடவ சாடினத அடுக்கு அடுக்கா காட்டினாரு. அவரே பிறகு சுமத்ரா தீவுகள்ல பவளப்பாறை வளந்த வளையத்த எண்ணி நெலம் எப்ப எழும்புச்சு எப்ப தாழ்ந்துதுன்னு பாத்தாரு, 2004ல சுனாமிக்கு சில மாசம் முன்னால அந்தத் தீவு ஆளுங்ககிட்ட எச்சரிக்கை போஸ்டர் குடுத்திட்டு வந்தாரு. பூகம்பம் வந்ததோ அந்தத் தீவுகளுக்கு வடக்க, ஃபால்ட்டோட வேற துண்டுல. இத வாசிக்கும்போது எனக்கு ராத்திரி தூக்கம் வரல.

அந்த வாரம் வீட்டுக்கு போனப்போ பிரா தோங் படத்த அப்பாகிட்ட காட்டினேன். பாத்துட்டு ரொம்ப சாதாரணமா சொன்னாவ, "கடப்புறத்து கிணத்துலயும் இப்படித்தான் இருந்துது. பழைய சேத்துக்கு மேல ஒரு முழம் கரிமணலு. நாந்தான் வாரி வெளிய போட்டேன்." முதல் தடவையா அன்னைக்குதான் அந்த கிணறுகள பத்தி பேசினாவ. மணலுக்குள்ள சிப்பி, ஓடு, ஒரு பிள்ளையோட செருப்பு. நான் எதையும் எழுதி எடுக்கல, கேட்டுட்டு மட்டும் இருந்தேன்.

2012 ஏப்ரல் 11 ஞாபகம் இருக்கும் எல்லாருக்கும். மத்தியானம் ரெண்டு மணிக்கு சுமத்ரா கடல்ல 8.6, ரெண்டு மணி நேரம் கழிச்சு 8.2. அதுக்குள்ள ஹைதராபாத்ல 2007ல தொடங்கின சுனாமி எச்சரிக்கை மையம் இருந்துது, செய்தி வந்துது, கடப்புறத்துல ஆளுக பிள்ளைய தூக்கிட்டு மேடு பாத்து ஓடினாங்க, பெரியம்மா எங்க வீட்டுக்கே வந்துட்டாவ. பெரிய அலை வரல. "சும்மா பயமுறுத்திட்டாவ"ன்னு சிலர் இப்பவும் சொல்றது கேக்கும்போது எனக்கு வருத்தமா இருக்கு. அந்த ஃபால்ட் பக்கவாட்டுல ஒரசிட்டு நகர்ந்தது, 2004ல மாதிரி தரைய மேல தூக்கல, அதனாலதான் கடல் தள்ளப்படல. அடுத்தது எப்படி நகரும்னு ஓடுற நேரத்துல ஆருக்கும் தெரியாது. ஓடினது சரிதான்.

போன மே மாசம் அப்பாவும் நானும் ராஜாக்கமங்கலம் பக்கம் தெரிஞ்ச ஒருத்தரு தோப்புல, அவருகிட்ட கேட்டு, ஒரு சின்ன குழி வெட்டினோம். இடுப்பளவுதான். எதுக்குன்னு கேட்டா சும்மா பாக்கணும்னு தோணிச்சு, அவ்வளவுதான். அப்பா மம்பட்டி பிடிச்சாவ, நான் சுவரு சுரண்டினேன். ஒரு சாண் ஆழத்துல நாலு விரல் கனத்துக்கு கறுப்பும் செவப்புமா மணலு, கீழ சிப்பித்துண்டு, மேல போகப்போக பொடியாகுது, அடியில உள்ள சேத்த சுரண்டி அள்ளினாப்ல வெட்டுன கோடு. என் நெஞ்சு அடிச்சுது. ஆனா 2017 நவம்பர் 30ல ஒக்கி புயல் வந்த கரை இது, புயலும் மணல் கொண்டுபோடும், ஒரு குழிய வச்சு இது அதுதான்னு சொன்னா அது ஆய்வு ஆகாது. பத்து குழியாவது வேணும், கரையில இருந்து உள்ள போகப்போக மணல் எப்படி மெலியுதுன்னு பாக்கணும். அப்பாகிட்ட அப்படியே சொன்னேன். "அப்ப பத்து வெட்டுவோம்"னாவ.

குழிய மூடுற நேரம். கட்ச்ல நாங்க மூடுறதுக்கு முன்ன அடியில ஒரு பிளாஸ்டிக் ஷீட் விரிப்போம், பிறகு எவராவது தோண்டினா இது முன்னயே வெட்டின குழின்னு தெரியணும்னு. அத சொன்னதும் அப்பா சட்டைப் பாக்கெட்ட தடவி சில்லறைய எடுத்து, ஒவ்வொண்ணா கண்ணுக்கு பக்கத்துல கொண்டுபோய் வருஷம் பாத்தாவ. கடைசியில ஒரு ரெண்டு ரூபாய எடுத்து "இதுதான் புதுசு"ன்னு சொல்லி, குனிஞ்சு, குழிக்கு நடுவுல வருஷம் மேல தெரியுற மாதிரி வச்சாவ. பிறகு மம்பட்டிய எடுத்து மண்ண தள்ள ஆரம்பிச்சாவ.